இந்த வருஷம் நோம்பிக்கு வர வேண்டாம்

கண்ணு,

நேற்று உன் அம்மா உன்னோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் குரலிலேயே நீ நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நம் ஊர் மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டுகிறார்கள். அதற்கு முதல் நாளே வந்துவிடுவதாக அவளிடம் சொன்னாய். வர வேண்டாம். உன் பரீட்சையெல்லாம் முடிகிற வரைக்கும் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஊரே பிள்ளைகளை வரச் சொல்லிக் கூப்பிடுகிற நேரத்தில் நம் அப்பன் மட்டும் இப்படிச் சொல்கிறாரே என்று உனக்கு இருக்கும். போனில் சொன்னால் நீ "ஏனுங்கப்பா" என்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை உன் அம்மா பேசிவிடுவாள். அதனால்தான் எழுதச் சொல்லி அனுப்புகிறேன்.

எழுதுவது எங்கள் பனியன் கம்பெனி டைம் ஆபீஸில் வருகை குறிக்கிற மல்லிகா. சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக் காட்டுகிறது. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் காலேஜில் சிரிப்பார்கள் என்று வார்த்தைகளைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. விஷயம் மாறவில்லை என்று நான் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு தம்பி ஈரோட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். அவனுக்கும் இதை அனுப்பட்டுமா என்று கேட்டது, அனுப்பு என்றேன். வெளியூரில் தங்கிப் படிக்கிற எந்தப் பிள்ளை படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அந்தத் தம்பிக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நோம்பி என்கிற திருவிழா தொடங்குகிற நாள்தான் சாட்டு. அன்று மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்தைக் கோயில் முன்னால் நடுவோம். அதற்குப் பெயர் கம்பம். அன்றைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற நாள் வரைக்கும் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். சாட்டு அன்று ஊரில் இல்லாதவனுக்கு இந்தக் கட்டு கிடையாது. அதனால்தான் வெளியூரில் இருக்கிற பையன்கள் சாட்டுக்கு வராமல் ஒளிந்துகொண்டு, கடைசி நாள் விருந்துக்கு மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நமக்கு அப்படி முடியாது. கம்பத்தை வெட்டி மஞ்சள் பூசித் தோளில் சுமந்து வந்து நடுகிற முறை நம் வீட்டுக்கு. என் அப்பா சுமந்தார். நான் சுமந்தேன். என் முட்டி தேய்ந்த பிறகு நீ சுமந்தாய். சுமப்பவன் காப்புக் கட்டாமல் இருக்க முடியாது.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நம் பக்கத்தில் பன்னிரண்டாவது பரீட்சை முடிந்ததும், ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்துவிடும். உன்னோடு எழுதிய பையன்களில் பாதிப் பேர் அந்த லீவில் பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்தார்கள். வாரா வாரம் கையில் சம்பளம் பார்த்தவன் பிறகு பெஞ்சில் போய் உட்கார மாட்டேன் என்கிறான். நீயும் வந்தாய், டீ-சர்ட் மடித்தாய், கை சுறுசுறுப்பு என்று சூப்பர்வைசர் சொன்னார். எனக்கு என்ன எண்ணம் என்றால், நிட்டிங், டையிங் சம்பந்தமாக ஏதாவது படித்தால் எங்கள் முதலாளியிடமே சொல்லி வேலைக்கு வைத்துவிடலாம். நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாய். அன்றைக்கு நான் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அதப் படிச்சா என்ன கண்ணு, கம்ப்யூட்டரு கெட்டுப்போனா ரிப்பேர் பண்ணுவியா?" என்றேன்.

"இல்லீங்கப்பா. அது என்ன செய்யோணும்னு நாம எழுதிக் குடுக்கறதுங்க."

"எழுதிக் குடுத்தாக் கேக்குமா?"

"சரியா எழுதுனா மட்டுந்தாங்க கேக்கும். ஒரு புள்ளி தப்புனாலும் நின்னுக்கும்."

"அப்ப உங்கம்மாள விட அது பரவால்ல" என்றேன். பக்கத்து டேபிள்காரர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் வருஷம் உன்னிடம் லேப்டாப் இல்லை. சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவாய். பேப்பரில் புரோகிராம் எழுதி, அது ஓடினால் என்ன வரும் என்று விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்வாய். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் காதில் விழுந்தது போகாது. நீ படித்ததில் எத்தனையோ இன்னும் எனக்குள் கிடக்கிறது. டெட்லாக் என்றால் என்னவென்று இப்போதும் சொல்வேன். ஒருத்தன் கையில் பூட்டு, இன்னொருத்தன் கையில் சாவி, நீ முதலில் கொடு, நீ முதலில் கொடு என்று இரண்டு பேரும் நகராமல் நிற்பது. உன் அம்மாவும் உன் சித்தியும் பேசாமல் இருந்த நாளில் நான் அந்த வார்த்தையைச் சொல்லப்போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த உனக்குப் புரையேறியது. அர்த்தம் தெரியாமல் நீ நெட்டுருப் போட்டிருந்தால் அந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு வந்திருக்காது. அன்றிலிருந்து உன் படிப்பைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

கவலை வந்தது போன வருஷ நோம்பியில்தான். நாலாவது செமஸ்டர். நீ வந்து கம்பம் நட்டாய், காப்புக் கட்டிக்கொண்டாய். அன்று சாயங்காலமே உன் போனில் லேப் பரீட்சைத் தேதி வந்தது. இரண்டு பரீட்சை, இரண்டும் கம்பம் எடுப்பதற்கு முன்னால். இங்கே வெள்ளகோவில் பக்கம் ஊர், அங்கே நாமக்கல் தாண்டிக் காலேஜ். முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டு ராத்திரி படுக்க வந்துவிடுவேன் என்றாய். காப்புக் கட்டியவனைத் தனியாக அனுப்பக்கூடாது என்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தேன்.

முதல் பரீட்சை நல்லபடியாக முடிந்தது. லேப்புக்கு வெளியே ஒரு பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார் பியூன். ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். மற்ற பிள்ளைகள் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், பக்கத்துப் பிள்ளையின் திரையைப் பார்த்தார்கள், மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். உன் திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. நீ இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். ரொம்ப நேரம் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தாய். பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பியூனிடம் கேட்டேன். "ஒண்ணும் தெரியாதவன் இப்படி உட்கார மாட்டானுங்க, எதையாவது தட்டிக்கிட்டே இருப்பான். இவன் மேல இருந்து திரும்பப் படிக்கிறான், விடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. கொஞ்ச நேரத்தில் நீ ஒரே ஒரு இடத்தில் கை வைத்தாய், சிவப்பு போய்விட்டது. நீ என்ன வேலைக்குப் படிக்கிறாய் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். தப்பு வந்ததும் பதறாமல் கையை எடுத்துவிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். வெளியே வந்து, "சும்மா ஒரு கமா விட்டுட்டனுங்கப்பா" என்றாய்.

இரண்டாவது பரீட்சைக்கும் முதல் பஸ்தான். கரூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தோம். போனபோது வெளிக் காலேஜிலிருந்து வந்த எக்ஸாமினர் கேள்வி கொடுத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. உன் மேடம் நல்லவர்கள், உனக்காக உள்ளே போய்ப் பேசினார்கள். வெளியே வந்து, தன் கையில் எதுவும் இல்லை என்றார்கள். நீ சரிங்க மேடம் என்றாய். அன்றைக்கே ஊர் திரும்பினோம். சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆடினாய். பறை அடிக்கிறவர்களே நின்று பார்த்தார்கள், அப்படி ஆடினாய். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு வருஷம் இப்போது முடிந்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை அந்த லேப். அதற்கு அடுத்த திங்கள்கிழமை உன் புராஜெக்ட் வைவா. இரண்டும் கம்பம் நிற்கிற நாளில்தான் வருகிறது. இரண்டில் ஒன்று போனாலும் டிகிரி அடுத்த வருஷம்தான். உன்னை எடுத்திருக்கிற கோயமுத்தூர் கம்பெனி எல்லாப் பேப்பரும் முடித்தவனைத்தான் சேர்த்துக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். நீ அம்மாவிடம், "இந்தத் தடவை பத்திரமா முதல் பஸ்ஸுக்கே போயிருவனுங்கம்மா" என்றதைக் கேட்டேன். போன தடவையும் முதல் பஸ்தான் கண்ணு.

அந்த புராஜெக்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டவுனில் கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொண்டார்கள் என்றாய். உன் கூட்டாளி ஒருத்தன், "நம்மாளுங்க மொத்தமா வாங்குனாக் கொறச்சுத் தர்றாங்கடா, வாடா" என்று கூப்பிட்டானாம். நீ போகவில்லை. கம்பெனி வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் காட்டுகிற மாதிரி நீயே ஒன்று செய்தாய். விடியாத நேரத்தில் ரோட்டோரம் பெண்கள் குளிரில் நிற்கிறார்கள், வேன் எப்போது வரும் என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே கிளம்பலாம் என்று சொன்னாய். முதல் நாள் எங்கள் வேனில் அதைப் போட்டுப் பார்த்தோமே, அன்றைக்குப் பின் சீட்டில் இருந்த சரசக்கா போனைப் பார்த்துவிட்டுக் கத்தியது: "ஏனுங்ணா, உங்க பையன் நம்மள எல்லாத்தையும் கொண்டுபோயி கெணத்துக்குள்ள எறக்கிப்போட்டானுங்களே!" வேன் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது, போனில் அது தோட்டத்துக் கிணற்றுக்குள் நின்றது. காங்கேயம் போய்ச் சேருகிற வரைக்கும் ஒரே சிரிப்பு. இன்றைக்கும் வேன் லேட்டானால், "கெணத்துல இருந்து ஏறி வரோணுமல்லங்க" என்கிறார்கள். நீ அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த வாரம் வந்து வேனில் உட்கார்ந்து சரி செய்தாய். இப்போது சில நாள் சரியாகக் காட்டுகிறது, சில நாள் பழைய இடத்திலேயே நிற்கிறது.

வைவாவில் அது நின்றுபோனால் நின்றுபோனது என்றே சொல். ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும், அதைச் சொல். கடையில் வாங்கியவனுக்கு அது தெரியாது. இங்கிலீஷ் வராமல் திக்குகிறது என்று அன்றைக்கு வருத்தப்பட்டாய். முதலில் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள், அப்புறம் தெரிந்த இங்கிலீஷில் சொல். அதுவும் வரவில்லை என்றால் தமிழிலேயே சொல்லட்டுமா என்று கேள். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. எங்கள் கம்பெனிக்கு பீகார் பையன்கள் வந்த புதிதில், தமிழ் வராமல் வாயைத் திறக்காதவன் அப்படியே இருந்துவிட்டான். தப்புத் தப்பாகப் பேசினவன் இன்றைக்கு லைன் சூப்பர்வைசராக இருக்கிறான், எங்களைத் தமிழிலேயே திட்டுகிறான்.

இனி உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நேற்றுக் காலை கோயிலில் பங்காளிகள் உட்கார்ந்தோம். சாட்டுக்கு யார் யார் என்ன வேலை என்று பேசினார்கள். கம்பம் என்று வந்ததும் உன் பெரியப்பா என்னைப் பார்த்தார். என் பெரியப்பா மகன்தான் என்றாலும், கம்பம் சுமக்கிற முறை மேல் அவர் வீட்டுக்கு ரொம்ப நாள் ஆசை உண்டு.

"ஏன்டா, உன்ர பையன் எப்ப வர்றான்?" என்றார்.

"வரலீங்ணா. அவனுக்குப் பரிச்சைங்க."

பின்னாலிருந்து ஒருத்தன், "கம்ப்யூட்டருக்குள்ளயே கம்பம் நட்டு ஆடிக்குவானாட்ட இருக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உன் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப யாரு சொமக்கறது?"

"சரவணனச் சொமக்கச் சொல்லுங்ணா."

சரவணன் அவர் மகன்.

"ஒருக்கா எங்கூட்டுக்கு வந்துட்டா அப்பறம் உங்கூட்டுக்குத் திரும்பி வராது, பாத்துக்க" என்றார்.

"தெரியுமுங்ணா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கலைந்து போகும்போது என் பின்னாலேயே வந்து, "நானாக் கேட்டு வாங்குலன்னு உன்ர பையங்கிட்டச் சொல்லிப்போடு" என்றார். சொல்லிவிட்டேன்.

கொடுத்ததால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். கோயிலில் முதல் மரியாதைத் தட்டு இனி அவர்கள் வீட்டுக்குப் போகும். உனக்குப் பெண் பார்க்கிற நாளில், கம்பம் சுமக்கிற வீடு என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. என் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். நான் மாரியாத்தாளை நம்பாதவன் இல்லை. இத்தனை வருஷம் ஒரு சாட்டுக்கும் ஊரை விட்டு வெளியே படுத்ததில்லை. ஆனால் நம் வீட்டில் முறைக்கு ஆள் இல்லையென்றால் இன்னொரு வீட்டில் இருக்கிறான். அந்த லேப்பில் உன் நாற்காலியில் உட்கார வேறு யாரும் கிடையாது. அதை வைத்துத்தான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்ததில்லை, பெரிய மனது என்றும் நினைத்துக்கொள்ளாதே.

உன் அம்மாவுக்கு இது ஆகவில்லை. உனக்கு எடுத்து வைத்த புது வேட்டியைப் பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறாள், எனக்குத் தெரிய வேண்டும் என்று. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள். "நாளைக்கு அவனுக்குச் சீக்குன்னாலும், வேல போச்சுன்னாலும், ஊருல இதத்தானுங்க சொல்லுவாங்க. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். அவள் பயம் அது. நேற்று ராத்திரி போனில் முறை போன விஷயத்தை அவள் உன்னிடம் சொல்லாமல் விட்டது மறந்து அல்ல. நீ சாட்டு அன்று வந்து நின்றுவிட்டால் உன் பெரியப்பாவே விலகிக்கொள்வார், மனுஷர் அப்படி. கொடுத்தது கொடுத்ததாக இருக்காது. கம்பம் உன் தோளுக்கு வரும், காப்பு உன் கைக்கு வரும், வியாழக்கிழமை நீ மறுபடியும் கரூர் ரோட்டில் நிற்பாய். அவள் எண்ணியிருப்பது அதுதான். அவளுக்கு உன் படிப்பு வேண்டாம் என்று இல்லை, இரண்டும் நடந்துவிடும் என்று நினைக்கிறாள். போன வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் திரும்பவும் போன் செய்வாள். ஒரு எட்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்பாள், அழுதாலும் அழுவாள். போனை எடுக்காமல் இருந்துவிடாதே, எடுத்துப் பேசு. அவளிடம் என்னைத் திட்டு, எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் "சரிங்கம்மா" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் செய்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மல்லிகா மணியைப் பார்க்கிறது, இன்டர்வெல் முடியப்போகிறது. வைவா முடிந்ததும் எனக்குப் போன் செய், நல்லபடியாக ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி. அதற்குப் பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் வா. ஊரில் யாராவது முகத்துக்கு நேராக ஏதாவது கேட்டால், அப்பாவைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடு. செவ்வாய்க்கிழமை சரவணன் கம்பம் சுமந்து வரும்போது நானும் வரிசையில் நின்று காப்புக் கட்டிக்கொள்வேன். கம்பம் எடுக்கிற வரைக்கும் நீ ஹாஸ்டலில் படுத்துத் தூங்கு கண்ணு. நம் வீட்டுக்காக ஊருக்குள் படுக்க நான் இருக்கிறேன்.

உன் அப்பன்